டிக்கியில் ஒன்று, கழுத்தில் ஒன்று

நான் தமிழை ஒழுங்காகப் படித்திருந்தால் அப்பாவும் மாமியும் ஆறு வருடம் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பாரிஸில் பிறந்து, மார்க்ஸ் டோர்மோயில் நாலாம் மாடியில் வளர்ந்த எனக்கு ஒன்பது வயதில் இருந்த தமிழ் சாப்பாட்டுக்கும் ஏச்சு வாங்குவதற்கும்தான் காணும். அதை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். விசா அலுவலகம், டொக்டர், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். எனக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

ஊரில் போர் முடிந்ததற்கு அடுத்த குளிர்காலம் அது. அப்பாவின் அக்கா, அதாவது என் மாமி, தெற்கே மொன்பெலியேயில் இருந்தார். அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு. ஆலாத்தித் தட்டுப் பிடிக்கிற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கென்று மஞ்சள் பட்டுப் பாவாடை தைத்தாகிவிட்டது. அதை அந்த ஒரு கிழமைக்குள் எத்தனை தரம் போட்டுக் கழற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவுக்கோ அந்தக் கிழமை முழுக்க ஒரே அந்தரம். குட்டி போட்ட பூனை மாதிரி குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தபடி இருந்தார். டிவியில் காலநிலை சொல்லத் தொடங்கினால் ஓடிவந்து, "என்னவாம் பிள்ளை? ஸ்நோவாமோ? றோட்டைப் பூட்டுவினமாமோ?" என்று கேட்பார். ஓம் என்றால் முகம் தெளியும். இல்லை என்றால் வாடும். ஸ்நோவைக் கண்டால் படியிறங்கவே பயப்படுகிற மனிசி இப்படி அதற்கு நேர்த்தி வைக்காத குறையாகக் காத்திருந்தது எனக்கு விளங்கவே இல்லை.

காரணம் அம்மாவின் கழுத்தில் இருந்தது. அம்மாவின் தாலிக்கொடியைக் கடையில் நின்று நிறுத்துப் பார்த்து வாங்கியவர் மாமி. எந்த விசேஷத்தில் கண்டாலும், சீலையைச் சரிசெய்கிற சாட்டில் கிட்ட வந்து, கொடியை உள்ளங்கையில் ஏந்தி ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். ஆனால் அந்தக் கொடி அப்போது அம்மாவிடம் இல்லை. முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் கிடந்த தன் தம்பியை வெளியே எடுப்பதற்காக, அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல், ரூ பெர்தொனேயில் ஒரு கடையில் அதை விற்றுவிட்டார். கழுத்தில் கிடந்தது அச்சொட்டாக அதே மாதிரிச் செய்த கவரிங். கண்ணை ஏமாற்றலாம், மாமியின் கையை ஏமாற்ற முடியாது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மஞ்சள் பாவாடை மட்டும்தான்.

சனிக்கிழமை விடிய முன்னமே வெளிக்கிட்டோம். கிளெர்மோன் தாண்டியதும் றோட்டு ஏறத் தொடங்கியது. ஏறி ஏறி ஒரு பெரிய மேட்டுவெளிக்கு வந்தோம். மரம் இல்லை, வீடு இல்லை, கல்லும் கருகிய புல்லும்தான். பாலைவனம் என்றால் மணலும் ஒட்டகமும் என்று நினைத்திருந்தவளுக்கு, இப்படி விறைக்கிற பாலைவனமும் உண்டு என்று அங்கேதான் தெரிந்தது. காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. மழையாகத் தொடங்கியது பொடியாக மாறி, பிறகு குறுக்கே அடித்தது. கொஞ்ச நேரத்தில் றோட்டுக் கோடுகள் மறைந்துவிட்டன. முன்னால் போன லொறியின் தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அப்பா அந்தத் தடத்திலேயே சில்லுகளை வைத்து, பிறேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார். ஒரு பாலத்தில் றோட்டு பளபளத்தது. "தண்ணியில்லை, ஐஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"திரும்புவமே?" என்றார் அம்மா.

"அந்தரப்படாதை. போயிடலாம்."

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இதே கேள்வி, இதே பதில். அம்மா சீற்றில் இப்படியும் அப்படியும் திரும்பினார், சால்வையை இழுத்தார், விட்டார். கடைசியில் என்னைச் சாட்டிப் பார்த்தார். பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிற மாதிரிக் கிடக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு சத்தியும் இல்லை என்று பின்சீற்றிலிருந்து கத்தினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்றத்தின் அடியில் கார்கள் வரிசையாக நின்றன. என்னவென்று பார்த்து வருவதாக அப்பா இறங்கி முன்னால் நடந்தார். அவர் போன கையோடு ஒரு பொலிஸ்காரர் ஒவ்வொரு காராகக் கண்ணாடியில் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். குனிந்து, ஷென் இருக்கிறதா என்று கேட்டார். மேலே ஏறுவதென்றால் டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டும், இல்லாதவர்கள் திரும்ப வேண்டும். பிரெஞ்சில் டயருக்குக் கட்டுவதும் ஷென்தான், கழுத்தில் போடுவதும் ஷென்தான். நான் வெகு திறமாக மொழிபெயர்த்தேன்.

"அம்மா, செயின் இருக்கோ எண்டு கேக்கிறார்."

அம்மாவின் கை கழுத்துக்குப் பாய்ந்தது. லா ஷப்பெல் மெத்ரோவில் சங்கிலி அறுப்பவர்களுக்குப் பயந்து பொத்திப் பொத்திப் பழகிய கை அது. விசேஷங்களுக்குப் போகிற தமிழ்ச் சனத்தை வழியில் மறித்து, நகை வாங்கிய ரசீதுத் துண்டு எங்கே என்று கேட்கிறார்களாம் என்று கடைத்தெருவில் ஒரு கதை வேறு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, இது பவுண் இல்லை எண்டு சொல்லு பிள்ளை! கவரிங்! வெறும் கவரிங்! கொடி என்னட்டை இல்லை எண்டு சொல்லு!"

கவரிங் என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. தெரியாது என்று சொல்ல என் தலைக்கனம் விடுமா? கவரிங், கூவெர்த்யூர், இரண்டும் ஒன்றுபோலத்தானே கிடக்கிறது. எங்களிடம் கூவெர்த்யூர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போர்வை இருக்கிறது என்று அர்த்தம். பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லது, மேலே அதுவும் தேவைப்படும், அப்பா வரட்டும், அவரிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

நான் திரும்பினால், அப்பா தன் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். தலைமயிரெல்லாம் ஸ்நோ. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"கொடி எங்கை?"

"தம்பிக்கு" என்றார் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அப்பா ஏசவில்லை, உள்ளே ஏறவும் இல்லை. திறந்த கதவால் ஸ்நோ என் மடிவரைக்கும் வந்தது. அம்மா அழத் தொடங்கியதும், "சரி, விடு" என்றார். அதற்குள் பொலிஸ்காரர் திரும்பி வந்து அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். டயர்ச் சங்கிலி டிக்கியில் இருந்தது. கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கி, முதல் நாள் முழுக்க மழைக்குள் குந்தியிருந்து கட்டிப் பழகியிருந்தார். அப்பா ஒருதரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு, இல்லை என்றார்.

"அப்பா! டிக்கிக்குள்ளை கிடக்குதெல்லோ!"

"வாயை மூடு."

அப்பா என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கார் திரும்பியது. இப்போது நினைத்தால் அந்த 'இல்லை'க்காக அவரைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருக்கிறது. அன்றைக்கோ, ஸ்நோவுக்குப் பயந்த கோழை, பச்சைப் பொய்யர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தி மாமிக்குப் போன் எடுத்தார். ஸ்நோவாம், செயின் இல்லாமல் விடமாட்டார்களாம், தன்னை மன்னிக்கட்டாம். பிறகு அவரும் அம்மாவும் ஒரே கோப்பையிலிருந்து மாறி மாறிக் கோப்பி குடித்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அம்மா.

ஞாயிறு பின்னேரம் மாமி போன் எடுத்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கதைத்தேன்.

"என்ன பிள்ளை, செயின் இல்லாமல் திரும்பிட்டியளாமே? உன்ர தட்டை வேறொரு பிள்ளையெல்லோ பிடிச்சது."

அது போதும் எனக்கு.

"பொய் மாமி! செயின் இருந்தது. ரெண்டு இருந்தது. டிக்கிக்குள்ளை ஒண்டு, அம்மான்ர கழுத்திலை ஒண்டு. பொலிஸ் கேக்க, அம்மா அது கவரிங் எண்டு சொன்னவ. பிறகுதான் அப்பா காரைத் திருப்பினவர்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சந்தேகம் கிடந்தது, அதையும் கேட்டுவிட்டேன்.

"மாமி, கவரிங் எண்டா என்ன?"

மாமி சொல்லித் தந்தார். அவர் அவ்வளவு பொறுமையாக என்னோடு கதைத்ததே இல்லை. மேலே பவுண் நிறம், உள்ளே செம்பு என்று எனக்கு விளங்கும்வரை இரண்டு தரம் சொன்னார். நான் உண்மை பேசுகிற கெட்டிக்காரப் பிள்ளை என்றும் சொல்லி வைத்தார்.

"ஆர் பிள்ளை போனிலை?" என்று அம்மா கேட்டார்.

"மாமி."

"என்னவாம்?"

"எனக்குத் தமிழ் சொல்லித் தந்தவ."

அம்மா சிரித்தார். அந்தக் கிழமை முழுக்க இல்லாத சிரிப்பு. சூடான தோசை ஒன்றை என் தட்டில் போட்டு, "நல்லகாலம் பிள்ளை, அந்த ஸ்நோ வந்தது" என்றார். எதற்கு நல்லகாலம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தோசை கேட்டேன்.