மாமியாரின் தோளும் மடிக்கொடியும்

உலக யுத்தம் முடிந்து, குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை மயிலாப்பூரில் எல்லோரும் சுரண்டிக்கொண்டிருந்த சமயம் அது. குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்கு இருபத்தாறு வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஆனால் மாமியாரைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவள் என்ற பெயரும் இருந்தது. அந்த இரண்டாவது பெயரில் எனக்கு ஏகக் கர்வம். கடைசியில் அதுதான் என் மூக்கை உடைத்தது.

எங்கள் வீட்டில் மடி ஆசாரம் கடுமை. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். விடியற்காலையில் குளித்துவிட்டு, முதல் நாளே துவைத்து யார் கையும் படாமல் உலர்ந்த ஒன்பது கஜம் புடவையைக் கட்டிக்கொண்டால்தான் மாமியார் அடுக்களைக்குள் கால் வைப்பார். புடவை உலர்த்துவதற்காகவே பின்கட்டுத் தாழ்வாரத்தில், உத்தரத்திலிருந்து ஒரு மூங்கிலைக் கயிற்றால் கட்டி எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் மடிக்கொடி. ஈரப் புடவையை நீளமான கோலின் நுனியில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கி, கொடியில் போட்டுப் பரத்த வேண்டும்.

ஒரு ஐப்பசி மழையில் மாமியாருக்கு வலது தோளில் வலி வந்தது. நாள்பட நாள்பட அதிகமாயிற்று. நான் குளித்துவிட்டு அவர் புடவையையும் உலர்த்திவிடுவேன். ஆனால் மாதத்தில் மூன்று நாள் நான் எதையும் தொடக்கூடாதே! அப்படி ஒரு நாள் அவர் கோலைத் தூக்க முடியாமல், ஈரப் புடவை தரையில் விழுந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. தலைக்கு ஜலம் விட்டுக்கொண்ட அன்றைக்கே என் வீட்டுக்காரரை முக்காலிமேல் ஏற்றி, கொடியை இரண்டு முழம் இறக்கிக் கட்டச் சொன்னேன். அதோடு விட்டேனா? தண்ணீர் இழுப்பது, அரைப்பது, அவருக்குத் தலை வாரிப் பின்னுவது என்று எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். தெருவே மெச்சியது.

மாமியாரின் கை மட்டும் மெச்சவில்லை. இரண்டே மாதத்தில் நெற்றிக்குக் குங்குமம் இட்டுக்கொள்ளக்கூட எழும்பாமல் போயிற்று. டாக்டர் ஒரு களிம்பைக் கொடுத்து, வயசானால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். எலும்பு வைத்தியர் ஒருவர் வந்து, ஒரே இழுப்பில் சரியாகிவிடும் என்று கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். மாமியாருக்கு மயக்கமே வந்துவிட்டது. அன்று முதல் யாராவது கிட்டே வந்தாலே தோளைப் பொத்திக்கொள்வார்.

ஒரு நாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, "எனக்கு இனிமே மடியும் வேண்டாம், அடுக்களையும் வேண்டாம். சமையலுக்கு ஆள் வெச்சுக்கோங்கோ" என்றார். முப்பத்தைந்து வருஷமாக அந்த அடுக்களைக்கு ராணியாக இருந்தவர். சொல்லிவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படியே விட்டால் மனுஷி மூலையிலேயே முடங்கிப்போவார் என்று, தெரிந்தவர்களிடமெல்லாம் வைத்தியம் விசாரித்தேன்.

அப்போதுதான் ராயப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முஸ்லிம் பெண், என் வயதுதான். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடுவாள், சுளுக்கு நீவிவிடுவாள். தொட்டால் தீட்டாயிற்றே என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். சமையல் வேலையெல்லாம் முடிந்து மூன்று மணிக்கு அவள் வரட்டும், அப்புறம் அம்மா மறுபடி குளித்துக்கொள்ளட்டும் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். இன்று அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. "சுடுதண்ணி ஊத்திகினா வலிக்கு நல்லதுதாம்மா" என்று சிரித்துவிட்டாள்.

பின்கட்டுத் தாழ்வாரத்தில் மாமியாரை உட்காரவைத்தாள். எலும்பு வைத்தியர்போல் கையைப் பிடிக்கவே இல்லை. முதுகில் ஆரம்பித்து, கழுத்தடி, தோள்பட்டை என்று வெதுவெதுப்பான எண்ணெயால் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். மாமியார் பொத்தியிருந்த கையைத் தானாக எடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

வேலை முடிந்து எழுந்தவள், புடவையில் பட்டுவிடாமல் கொடிக்கு அடியில் நன்றாகக் குனிந்து வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தைப் பார்த்தாள். புதுக் கயிற்றைப் பார்த்தாள்.

"இந்தக் கொடிய யாரும்மா இம்மாம் கீழ எறக்குனது?"

"நான்தான்" என்றேன், பெருமையாக.

"நல்லா பண்ண போ! கைக்கு ஒரு வேலயும் இல்லாம உக்கார வெச்சா, அது உக்காந்துகினுதான் கீது. நான் நீவி இன்னா பிரயோஜனம்?"

எனக்கு வந்ததே கோபம்! தெரு முழுக்க மெச்சிய காரியத்தை நேற்று வந்தவள் குற்றம் சொல்வதா? "பிடிச்சுவிட வந்தா பிடிச்சுவிட்டுட்டுப் போ. எங்காத்துக் கொடியைப் பத்தி நீ பேசவேண்டாம்" என்றேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை.

அந்த மறுநாள் முழுக்க நான் மாமியாரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்கும் வாய்க்கும் போய் வந்தது. அதற்கு மேல் அதற்கு வேலையே இல்லை. எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டவள் நான். தோள் இறுகியதற்கு நானும் காரணம் என்று உறைத்தபோது, அழுகையும் வெட்கமுமாக வந்தது.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் விசாரித்துக்கொண்டு ராயப்பேட்டைக்கு நடந்தே போய், அவள் வீட்டு வாசலில் நின்றேன். மாவு பிசைந்த கையோடு வந்தாள். தப்பு என்மேல்தான் என்றேன். அவள் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோவம் எறங்கிச்சில்ல? அப்ப கொடிய ஏத்திரலாம்" என்றாள்.

ஒரேயடியாக ஏற்றக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். தினமும் நீவிவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி நாலு விரற்கடை மட்டும் ஏற்றச் சொன்னாள். நல்ல கை கோலைத் தூக்கும், வலிக்கிற கை கூடவே போகும். இரண்டு கையும் கோலில் இருக்க வேண்டும், நான் கிட்டேயே போகக்கூடாது. வலி பொறுக்காவிட்டால் அந்த வாரம் ஏற்றக்கூடாது. இவ்வளவுதான் அவள் வைத்தியம்.

சொல்வது சுலபம். மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு கோலைத் தூக்குவார், கண்ணில் நீர் முட்டும், நான் தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மெச்சிய அதே தெரு, ராட்சசி மருமகள் என்று பேச ஆரம்பித்தது. ஆறாவது வாரம் தாயார் முனகுவதைக் கேட்டுப் பொறுக்காமல், என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் கொடியை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்த மாமியார் அதைப் பார்த்தார். சரி, இத்தனை நாள் வதைத்ததற்கு நமக்குத்தான் மண்டகப்படி என்று நினைத்தேன். அவரோ மகனைக் கூப்பிட்டு, "ஏண்டா இறக்கினே? நான் என்ன தொட்டில் கொழந்தையா? எங்கே இருந்துதோ அங்கேயே ஏத்திக் கட்டு!" என்று ஒரு போடு போட்டார். அப்பா! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மடியாக இருந்ததால் தப்பித்தார்.

சித்திரையில் கொடி பழைய உயரத்துக்குப் போய்விட்டது. வலி சுத்தமாகப் போகவில்லை. மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் அன்று காலை மாமியார் கோலை உயர்த்தி ஒரு வீசு வீசினார், ஒன்பது கஜமும் கொடியில் போய் உட்கார்ந்தது. திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பத்து வயது குறைந்திருந்தது. அடுத்த நிமிஷம் அடுக்களையில் பாத்திரம் உருண்டது. ரசப்பொடி கருகிப்போனதற்கு எனக்கு அர்ச்சனையும் ஆரம்பமாயிற்று. அதுகூட அன்று இனித்தது.

ராயப்பேட்டைக்குச் சேதி போய், அவள் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே ஓடி வந்தாள். மாமியார் மடிப் புடவையில் சமைத்துக்கொண்டிருந்ததால் தள்ளியே நின்றாள். சத்தம் கேட்டு வெளியே வந்த மாமியார் நேராக அவளிடம் போனார். அவள் பின்வாங்கப் பின்வாங்க, அவள் இரண்டு கையையும் பிடித்து எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார்.

"ஐயோ பெரியம்மா, இன்னா பண்ற? மடி!" என்று அவள் பதறினாள்.

"போனாப் போறது. இன்னொரு தரம் குளிச்சுட்டு வரேன். புடவையை உலர்த்தத்தான் கை வந்துடுத்தே!" என்றார் மாமியார்.

மூன்று பேரும் சிரித்தோம், அழுதோம். அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம்.

நல்ல மருமகள் என்று நான் பெயர் வாங்கியது கொடியை இறக்கியதற்காக. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை நானே மெச்சிக்கொள்வது, வாயை அடக்கிக்கொண்டு ராயப்பேட்டைக்கு நடந்துபோனதற்கும், ஊர் ஏசியபோதும் அந்தக் கொடியை மறுபடி ஏற்றிக் கட்டியதற்கும்தான்.