கொட்டாத முடி

பீலியில் (மலைத் தண்ணீர் விழும் குழாயில்) குளிக்கும்போது சோப்பு ஒரு இடத்தில் தடுக்கியது. இடது மார்பில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, ஊறவைத்த கடலை மாதிரி ஒன்று. வலி இல்லை. வலிக்காததால் தீபாவளி கழியட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் கையில் அப்படி ஒன்று தட்டுப்பட்டால் எந்தப் பண்டிகைக்கும் காத்திருக்காதீங்க.

ஊசியால் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். அதற்கு நான் அழவில்லை. சட்டைக்குள் இருக்கிற விஷயம், யாருக்குத் தெரியப்போகுது? பிறகு டாக்டரம்மா, கீமோ (நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து) கொடுத்தால் முடி கொட்டும் என்றார். அங்கேதான் மனசு விட்டுப்போனது.

எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மொட்டைத் தலையோடு வாசலுக்கு வந்தால் அத்தனை பொம்பளைகளும் வந்து நின்று மூக்கைச் சிந்துவார்கள். மலையில் கொழுந்து எடுத்த காலம் முழுக்க என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று ஒருத்தியும் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை.

என் மகள் செல்வி கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டு எஜமானி நோனாவுக்கும் இதே நோய் வந்து, வெளிநாட்டிலிருந்து குளிர்த் தொப்பிகள் (தலைத்தோலைக் குளிரவைத்து, முடி வேருக்கு மருந்து அதிகம் போகாமல் தடுப்பவை) வரவழைத்திருந்தார். செல்வி கேட்டு வாங்கிவந்தாள்.

“போட்டுப் பாருங்க. ஆனா முடி நிக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டரம்மா.

தொப்பியை உறையவைக்க லயத்தில் ஏது வசதி? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மீன் கடை ஐஸ் பெட்டியில் வைத்தோம். மருந்து ஏறும் முன்பே ஒன்றைத் தலையில் இறுக்கி, இளக இளக மாற்ற வேண்டும். செல்வி தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். வார்டில் இருந்த சிங்கள நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

“அம்மே, இன்னைக்கு பாலையா மீனா, கெலவல்லாவா?”

“ரெண்டும் வித்துப்போச்சு மிஸ். தலை மட்டுந்தான் மிச்சம்.”

பனி விழுந்த மலையில் வெறுங்காலோடு நின்றவள் நான். இந்தக் குளிர் வேறு. முதலில் நெற்றிக்குள் ஆணி இறங்கும். பிறகு தலை இருப்பதே தெரியாது. அந்த முதல் வேதனையைப் பல்லைக் கடித்துத் தாண்டுங்க. போர்வை கொண்டுபோங்க. காதுக்கும் நெற்றிக்கும் துணி வைத்துக் கட்டுங்க. எனக்குக் கொழுந்துக் கூடைக்கயிறு அழுத்திப் பள்ளமான உச்சியில் தொப்பி சரியாக ஒட்டவில்லை. அங்கே மட்டும் முடி சீப்போடு வந்தது. மற்றது நின்றது.

“மதினி, ஒங்களுக்குச் சீக்குன்னு எவ சொன்னா? கொண்டையப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி!” என்பாள் அடுத்த வீட்டு ராக்கம்மா. எனக்கும் பெருமைதான்.

மருந்து எல்லாம் முடிந்த பிறகு வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஈரலுக்குப் பரவியிருக்கும்மா. வேற மருந்து குடுக்கலாம். குணமாக்காது, கொஞ்ச நாள் தள்ளிப்போடும்.”

“முடி கொட்டாததாலதான் மருந்து புடிக்கலையாங்க? அந்தத் தொப்பி தடுத்துருச்சா?”

“இல்லம்மா. தொப்பி தலைத்தோலுக்கு மட்டுந்தான். ஈரலுக்கு மருந்து போச்சு. நோய் அடங்கல.”

தொப்பி போட்டவர்கள் யாரும் இந்தக் கேள்வியை உள்ளே வைத்துக் கருக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இனி மருந்து வேண்டாம் என்றேன். செல்வி எரிந்து விழுந்தாள். “என்னம்மா பேசுறீங்க? முடியெல்லாம் அப்பிடியே இருக்கு. நல்லாகிட்டுத்தான் வர்றீங்க.”

லயமும் அப்படியேதான் நினைத்தது. ராக்கம்மா தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வட்டகொடைக்குக் கூப்பிட்டாள். நடக்க முடியாது என்றேன். “தலைய மினுக்கத் தெரியுது, நடக்க மட்டும் முடியலையோ?” என்று முறுக்கிக்கொண்டு போனாள். யாரும் இரக்கப்படக் கூடாது என்று இருந்தேன். இப்போது யாரும் நம்பவில்லை. செல்வி அடுத்த மருந்துக்கென்று தொப்பிகளை மறுபடி மீன் கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு காலையில் அவள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்து இறக்கி விலாவுக்குக் கீழே வைத்தேன். அங்கே கல்லாக இறுகிக் கிடந்தது. கையை இழுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

“எப்பருந்தும்மா இப்பிடி?”

“நீ முடியப் பாத்துக்கிட்டு இருந்தப்பருந்து.”

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “தொப்பியெல்லாம் எடுத்துட்டு வந்துரவா?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டு வா. வேற யாருக்காச்சும் ஆகும்.”

முன்பெல்லாம் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க) ஆள் கூடும் நேரம், கொழுந்து நிறுக்கும் நேரம் என்று பொழுது நகரும். இப்போது ஒரு வலி மாத்திரை அடங்கி அடுத்தது கேட்கும்வரைதான் பொழுது. கண் மஞ்சளாகிவிட்டது. கால் வீங்கி, தோள் வற்றி, சட்டை இன்னொருத்தியுடையது மாதிரி தொங்குகிறது. முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதற்கு யாரும் இன்னும் விஷயத்தைச் சொல்லாத மாதிரி. செல்வி கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. தினமும் சீவிப் பின்னிவிடுகிறாள். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.