நாமினியும் பகவதி, சாட்சியும் பகவதி

தொண்ணூற்றெட்டில் எனக்கு ஹார்ட் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. சாலைக் கடைவீதியில் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தவன் நான். "நீங்க கண்ண மூடினா வீட்டுல என்ன செய்வாங்க?" என்று எத்தனையோ அரிசி மண்டிக்காரர்களை வியாபார நேரத்தில் பயமுறுத்தியிருக்கிறேன். என் விஷயத்தில் எல்லாம் பக்கா. அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே மனைவி பகவதிக்கு லெக்சர் அடித்தேன்.

"பீரோவுல மேல்தட்டு, பச்சை ஃபைல். ரிட்டயர்மெண்டுக்குன்னு போட்ட பெரிய பாலிசி அதுலதான் இருக்கு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் நேரா உன் கைக்கு வரும்."

"வாயக் கழுவுங்க," என்றாள். ஆனாலும் மறுநாள் பாலிசியை எடுத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் பிராஞ்சுக்குப் போய்விட்டாள். கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "சேச்சி, இதில நாமினி நீங்க இல்ல. சாரோட அண்ணனாக்கும்."

குடும்ப வீட்டைப் பாகம் பிரித்த தகராறில் அந்த அண்ணனோடு பேச்சு நின்று ஆறு வருஷம். பணம் அவர் கைக்குப் போனால், பகவதி மகளையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

எல்லாம் என் கைங்கரியம். கஸ்டமர் ஃபாரங்களை வீட்டில் வைத்துத்தான் பூர்த்தி செய்வேன். சாட்சிக்கு யாரைத் தேடுவது? அடுக்களையிலிருந்து பகவதியைக் கூப்பிடுவேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். கல்யாணத்துக்கு முன் எடுத்த என் பாலிசியில் அண்ணன் பேரை மாற்றி இவள் பேரைப் போட எழுதியபோதும் அதே பழக்கதோஷம். நாமினி: பகவதி. சாட்சி: பகவதி. நாமினியே சாட்சி போடக்கூடாது என்று பிராஞ்சில் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நம்ம காரியம்தானே, கஸ்டமர் வேலை முடியட்டும் என்று டிராயருக்குள் தள்ளினேன். அதோடு மறந்தேன். சொரணை கெட்ட ஜென்மம்!

பகவதி திரும்பி வந்து புது ஃபாரத்தைப் படுக்கையில் வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"சாலைக் கடைவீதியில எத்தன பொண்டாட்டிமாருக்குப் பணம் கெடைக்கதுக்கு நான் சாட்சி போட்டிருக்கேன்," என்றாள். "எனக்குப் போட ஒரு ஆள் இல்லாமப் போச்சே."

வெட்கத்தில் ஆபரேஷன் பயம்கூட மறந்துவிட்டது.

ஃபாரத்தை அங்கேயே எழுதினேன். அடுத்த படுக்கையில் பொன்முடி எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். சாட்சிக்கு அவரைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாருக்கு என்ன ஜோலி?" என்றார்.

பகவதி முந்திக்கொண்டாள். "இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. இவரு பேச்சக் கேட்டு ஒண்ணும் எடுத்துராதீங்க."

பிழைத்து வந்தேன். இப்போது புதிதாகச் சேரும் ஏஜெண்டுகளிடம் சொல்வது இரண்டுதான்: ஊரார் ஃபாரத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் பாலிசியில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். மனைவியிடம் நீட்டும் காகிதத்தை அவள் படித்துப் பார்க்கும்வரை காத்திருங்கள்.

அந்தப் பச்சை ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "ஒங்களுக்கு என்னத்துக்கு? நீங்க போன பொறவு எனக்குத்தானே வேணும்," என்கிறாள்.