கற்றுத்தராத பதில்

வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கணினி நிரல்களைச் சோதிப்பது என் தொழில். கதை எழுதும் தகுதி எனக்கில்லை. எனினும் இது கதையன்று. 2007ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டப்பகலில், எனக்கு நேர்ந்தது. கூட்டாமல் குறைக்காமல் பணிவுடன் எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணி அருகே ஒரு மாடியில் எங்கள் சிறு நிறுவனம் இயங்கிவந்தது. மருத்துவமனைகள் கணினி வழியே ரத்த வங்கியிடம் ரத்தம் கேட்பதற்கான மென்பொருளை நான் சோதித்துவந்தேன். அதை மருத்துவமனைகளுக்கு விற்கும் பொறுப்பு நண்பர் குருபிரசாத்துடையது. ரத்த வங்கியின் நேரடி இணைப்பு மருத்துவமனைகளுக்குத்தான் கிடைக்கும்; எங்கள் அலுவலகத்துக்கு இல்லை. அதனால் அதன் இடத்தில் ஒரு போலியை வைத்திருந்தோம். ‘மாக்’ என்போம். கற்றுத்தந்த பதிலை மட்டுமே அது சொல்லும். யார், எப்போது, எத்தனை முறை கேட்டார்கள் என்பதையும் குறித்துவைக்கும். நான் அதற்குக் கற்றுத்தந்த பதில் ஒன்றே ஒன்று: ‘உண்டு. அனுப்பப்படுகிறது.’

குருபிரசாத்தின் மனைவி ஸ்யாமளா நிறைமாதம். முந்தைய வாரம்தான் தொலைபேசியில் என்னைக் கேலி செய்தார்.

“பாபு அண்ணா, உங்க கம்ப்யூட்டர் பொண்ணா பிள்ளையான்னு சொல்லுமா?”

“நாங்க சொல்லிக் குடுத்ததைத்தாம்மா அது சொல்லும்.”

“அப்போ அதுவும் உங்க ஃப்ரெண்டு மாதிரிதான்.”

அந்த ஞாயிறு காலை அவரை நாகமலைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவருடையது ஓ நெகட்டிவ் ரத்தம். எளிதில் கிடைக்காதது. எங்கள் மென்பொருள் அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் குருபிரசாத் அம்மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார்.

அலுவலகத்தில் நான் மட்டும். காவலாளி மலையாண்டி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“எம்புட்டு நேரம் உத்துப் பார்த்தாலும் அந்தப் பொட்டியில படம் ஓடாது சார். நெட்டும் இல்ல. ரோட்டைத் தோண்டுறேன்னு வயரை அத்து விட்டுட்டானுக.”

“இதுக்கு நெட்டு வேண்டாம்ண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மணி 3:12. சோதனையை ஓட்டினேன். டிங்... திரையில் சிவப்புக் கோடு. எதிர்பார்த்த கேள்வி ஒன்று. வந்தவை இரண்டு.

இரண்டாவதைத் திறந்தேன். ‘நோயாளி: ஸ்யாமளா. ஓ நெகட்டிவ். இரண்டு யூனிட். பதில்: உண்டு. அனுப்பப்படுகிறது.’

சோதனைக்கு நண்பர்கள், வீட்டார் பெயர்களைப் போடுவது எங்கள் வழக்கம். பழையது ஏதோ மிச்சமிருக்கிறது என்று எண்ணி அழித்தேன். பிழை நிரலில்தான் என்று முடிவுகட்டி, வரிவரியாகத் தேடத் தொடங்கினேன்.

3:26. டிங்...

நான் எதையும் ஓட்டவில்லை. விசைப்பலகையின்மீது என் கைகூட இல்லை.

‘நோயாளி: ஸ்யாமளா. நான்கு யூனிட். அவசரம். பதில்: உண்டு. அனுப்பப்படுகிறது.’

குனிந்து கணினியின் பின்புறம் பார்த்தேன். வலையிணைப்பு வயர் தரையில் கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது... அப்போதும் பிழையைத்தான் தேடினேன்.

3:41. டிங்...

‘ஸ்யாமளா. ஆறு யூனிட். மிக அவசரம். பதில்: உண்டு. அனுப்பப்படுகிறது.’

அப்போதுதான் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

அம்மருத்துவமனையில் மென்பொருளை இயக்கிக்காட்டச் சென்றவன் நான். அங்கே ரத்த வங்கி இணைப்பு மறுநாள்தான் வரவிருந்தது; அதுவரை திரை வெறுமையாக நின்றால் பெரியவர்கள் முன் மரியாதையாக இராதே என்று, மாக் உள்ள பதிப்பையே நிறுவினேன். திரும்பும்போது அகற்ற மறந்துவிட்டேன்.

தொலைபேசியை எடுத்தேன். குருபிரசாத்தின் எண் வேறு அழைப்பில் இருந்தது. மீண்டும்... மீண்டும்...

3:48. எடுத்தார்.

“மாப்ள, பயப்படாத. ரத்தம் வண்டியில வந்துக்கிட்டே இருக்காம். நம்ம சாஃப்ட்வேர்டா. நர்ஸம்மாகிட்டப் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“குரு... அது பொய்டா. நான் வச்ச மாக். யாருக்கும் போய்ச் சேரல.”



“என்னடா சொல்ற?”

ஓடும் காலடி ஓசை. பிறகு எதுவுமில்லை.

திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன்.

4:17.

டிங்...

‘ஸ்யாமளா.’

யூனிட் இருக்க வேண்டிய இடம் வெறுமை.

‘பதில்: இல்லை.’

மறுநாள் நிரல் முழுவதையும் தேடினேன். அச்சொல் அதில் எங்கும் இல்லை. மருத்துவமனைக் கணினியில் மூன்று கேள்விகளே பதிவாகியிருந்தன: 3:12, 3:26, 3:41. குருபிரசாத் ஓடிப்போய்ச் சொன்னதும், 3:50க்கே அதை அணைத்துவிட்டார்களாம். நகரிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தது 4:40க்கு.

உயிர் பிரிந்ததாக மருத்துவர் எழுதியிருந்த நேரம் 4:17.

பெண் குழந்தை பிழைத்தது.

இழந்தவை: ஸ்யாமளா, வயது இருபத்தாறு. அக்குழந்தைக்குத் தாய். எனக்கு என் ஒரே நண்பர் குருபிரசாத். நான் பிழை தேடிக் கழித்த நிமிடங்கள், இருபத்தொன்பது.