வாயால் செய்து காட்டும் சத்தம்

காது மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனால் அவர் முதலில் பானெட்டைத் திறக்கமாட்டார். உங்கள் வாயைத்தான் திறக்கச் சொல்வார். "என்ன சத்தம் வருது? வாயால செஞ்சு காட்டுங்க" என்பார். கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் பட்டறை நடுவில் நின்று "க்க்கீச்!" என்று கத்தியிருக்கிறார். வெட்கப்பட்டால் வேலை நடக்குமா? 'க்கீச்' என்றால் பெல்ட். 'உய்ய்ய்ங்' என்று ஏறிக்கொண்டே போனால் சக்கரத்து பேரிங். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். தெரு வைத்த 'காது' என்ற பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொல்லக்கூடாது.

பட்டறையை ஒட்டியே வீடு. முன்னறை ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின். தைத்துக்கொண்டே பட்டறையையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். நிம்மதியான குடித்தனம்தான், ஒரே ஒரு சண்டையைத் தவிர. நீல டேப் சுற்றிய பத்தாம் நம்பர் ஸ்பேனர் ரொம்ப நாளாகக் காணவில்லை.

"நீதான் மிஷினை முறுக்கறேன்னு எடுத்துட்டுப் போய்த் தொலைச்சிருப்பே."

"ஆமா, சட்டியில போட்டு வதக்கிட்டேன்!"

அப்போதுதான் நர்ஸம்மாவின் கார் வந்தது. ஐம்பது தாண்டி வண்டி ஓட்டப் பழகியவர் அவர். டெஸ்டில் இரண்டு முறை தோற்று, விடாமல் நின்று லைசென்ஸ் வாங்கினார். இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போன காலம் போய், சாவியை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நடப்பார். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். இப்போது அவர் ஓட்டினால் மட்டும் ஏதோ சத்தம். கணக்கு வாத்தியாரான கணவர் ஓட்டினால் வண்டி கப்சிப்.

"செஞ்சு காட்டுங்க" என்றார் காது. நர்ஸம்மா வாயெடுப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். "நான் செய்றேன்! 'ஐயோ... யாராவது காப்பாத்துங்க...' வண்டி அழுவுதுங்க!"

காதும் சேர்ந்து சிரித்துவிட்டார். சீட்டைப் பின்னால் தள்ளி, கால் நீட்டி உட்கார்ந்து, மேடுபள்ளமெல்லாம் ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"வண்டி சுத்தம் சார்."

"அப்போ ஓட்டுற ஆளுகிட்டதான் ரிப்பேர். வித்துடலாம்னா கேக்க மாட்டேங்கறா."

நர்ஸம்மா சாவியைக் கணவர் கையில் கொடுத்தார். "வித்துடுங்க. எனக்கு பஸ்ஸே போதும்."

சாயங்காலம் டீயை வைத்துவிட்டு மனைவி நின்றார். "சத்தம் கேட்டது யாருக்கு?"

"நர்ஸம்மாவுக்கு."

"செஞ்சு காட்டினது யாரு?"

காது டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் காது. எனக்கு வாய்ச்சது செவிடு!"

மறுநாளே காது போன் போட்டு இருவரையும் வரவழைத்தார். வண்டியை ஓட்டி வந்த வாத்தியார் இறங்கும்போதே, "ஞாயித்துக்கிழமை வண்டியைப் பாக்க ஆள் வருது. சீக்கிரம் முடிங்க" என்றார்.

"சார், நீங்க நிழல்ல உக்காருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

நர்ஸம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லிய குரலில், "சர்ர்ர்... டொக்" என்றார். "பிரேக் போட்டா முன்னாடி ஓடி இடிக்குது. கிளம்பினா பின்னாடி போகுது."

அட! எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. எதுவோ உள்ளேயே உலாத்துகிறது. "நீங்களே ஓட்டுங்கம்மா. நான் பக்கத்துல உக்கார்றேன்."

குள்ளமானவர் ஆதலால் நர்ஸம்மா சீட்டை நன்றாக முன்னால் இழுத்துக்கொண்டார். முதல் தெருமுனையில் பிரேக் போட்டதும் கேட்டது. சர்ர்ர்... டொக்.

"கேட்டுச்சா?" என்றார் நர்ஸம்மா.

"நல்லாவே கேட்டுச்சும்மா. ஓரமா நிறுத்துங்க."

இறங்கி மண்டிபோட்டு, நர்ஸம்மாவின் சீட்டுக்கு அடியில் கைவிட்டார் காது. கண் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது, டேப் சுற்றிய பிடி. முன்பு ஒருமுறை அந்த சீட்டின் போல்ட்டை முறுக்கிவிட்டு அவரே மறந்து வைத்தது. சீட் பின்னால் இருந்தால் அதன் சட்டம் ஸ்பேனரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முன்னால் வந்தால்தான் அது அவிழ்த்துவிட்ட கழுதை. கால் நீளமான ஆண்களுக்கு எந்த ஜென்மத்தில் கேட்கப் போகிறது?

சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு 'ஒரு போல்ட் லூசும்மா' என்று சொன்னால் மீசையில் மண் ஒட்டாது. அப்படியும் அவருக்குத் தோன்றியது. ஆனால் நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டுறதுல தப்பு இல்லையே?"

"நீங்க தங்கமா ஓட்டுறீங்கம்மா. தப்பு என்னுது." ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினார்.

நர்ஸம்மா ஒரு நொடி திகைத்து, பிறகு ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பட்டறையில் ஸ்பேனரை முதலில் பார்த்தது மனைவிதான். மிஷினை நிறுத்தினார். "வாங்க. சட்டியில நல்லா வதங்கியிருக்கா?"

காது நேரே வாத்தியாரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "அம்மா சொன்னது சத்தியம் சார். நாம ரெண்டு பேரும்தான் காது குடுத்துக் கேக்கல."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். பிறகு பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினார். நர்ஸம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"முதல்ல அந்த ஆளுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க" என்றார். "அப்புறம் ஏறுங்க. நான்தான் ஓட்டுவேன்."