அத்தை மகனின் பெயருக்கு நான் சொன்ன பதில்

பிள்ளைகளே, உங்களில் ஒருவருக்குப் பேனா வாங்கிக் கொடுத்தால் மற்றவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் அம்மா திட்டுகிறாள். எனக்குத் திட்டத் தோன்றுவதில்லை. அந்த வயிற்றெரிச்சல் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஆட்களின் பழைய வழக்கம் உங்களுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் மகனுக்கு முன்னால் மருமகன். சகோதரி பெற்ற பிள்ளைதான் குடும்பத்துக்கு வாரிசு, சொந்த மகனுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்தால் உண்டு. நான் சிறுவனாக இருக்கும்போதே சட்டம் மாறிவிட்டது, என் அப்பாவின் மனசு மாறவில்லை. நான் ஏழாம் வகுப்பு முடித்ததும் என்னைச் சுசீந்திரத்துப் பக்கம் இருந்த எங்கள் வயலில் இறக்கினார். என்னைவிடச் சின்னவனான அத்தை மகனை நாகர்கோவிலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அவன் உரக்கப் பாடம் படிக்கும்போது, மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் நான் பக்கத்தில் நின்று கேட்பேன். கேட்கக் கேட்க உள்ளே எரியும். ஆனாலும் நகர மாட்டேன்.

அவன் காலேஜுக்குப் போன சமயத்தில்தான் திருவனந்தபுரத்தில் சமஸ்தானத்துக்கென்றே ஒரு சர்வகலாசாலை, நீங்கள் பல்கலைக்கழகம் என்கிறீர்களே அது, ஏற்பட்டது. அதுவரை பரீட்சைக்கும் பட்டத்துக்கும் சென்னையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இனி நமக்கே உண்டு என்று டீக்கடையில்கூடப் பேச்சு. சில மாதம் கழித்து, "பயலுக்கு அரிசி தீர்ந்திருக்கும்லே, கொண்டு குடுத்துட்டு வா" என்று அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார். மார்த்தாண்டத்தில் ஏறிய கூட்டத்தில், அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அவன் இருந்தது ஒரு வாடகை வீட்டு அறை. ஹாஸ்டலில் இடமில்லையாம். ஒருவன் பாய் விரித்தால் இன்னொருவன் காலை மடக்க வேண்டும். மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருக்க, இவன் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்னலே, காய்ச்சலா?"

"இல்ல அத்தான். நான் ஊருக்கு வாறேன். மாமாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"என்னத்துக்கு?"

"காலேஜுக்குப் போனா இருக்க இடம் கெடையாது. கெட்டிடம் பாதிதான் முடிஞ்சிருக்கு, பிள்ளையளானா வந்துகிட்டே இருக்கு. லைப்ரரில ஒரு புஸ்தகத்துக்கு ஊரே காத்துக் கெடக்கு. வாத்தியாருக்கு எங்க மொகம்கூடத் தெரியாது. இப்பவே நான் போகாத நாள் சாஸ்தி. இன்னும் போகாட்டா பரீட்சைக்கு உட மாட்டாவ. உடாண்டாம், போட்டும்."

அவன் ஊருக்கு வந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கில்லை என்று எடுத்து அவனுக்குக் கொடுத்ததை, இவன் வேண்டாமென்று கீழே போடுகிறானே என்றுதான் பொறாமை இன்னும் ஏறியது. ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்து மாட்டினேன். தோளில் பிடித்தது.

"எங்க போறிய?"

"ஒனக்கு வேண்டாம்னா நான் போறேன். வழியச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து வழி சொன்னான்.

புதுச் சுண்ணாம்பு வாசம் அடிக்கிற பெரிய அறை. வாசல்வரை பிள்ளைகள். கடைசி பெஞ்சில் ஒருவன் ஒதுங்கி இடம் கொடுத்தான். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் புதிசு. வாத்தியார் பெயர்களை வாசித்தார். அத்தை மகனின் பெயர் வந்ததும் மற்றவர்களைப் போல நானும் எழுந்து, "பிரசென்ட் சார்" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

பிறகு வெளிச்சத்தைப் பற்றி ஏதோ நடத்தினார். இங்கொரு வார்த்தை, அங்கொரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் மணி அடித்தபோது எழுந்திருக்க மனசு வரவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "என் பேருக்கா சொன்னிய?" என்றான்.

"ஆமா. நாளைக்கும் நானே போறேன். நீ ஊருக்குப் போய் வயலுக்குத் தண்ணி திருப்பு. நாத்து நடணும், உரம் சொமக்கணும். மாமாகிட்ட நீயே சொல்லிக்க."

"ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே அத்தான்."

"வாத்தியாருக்கு என் மொகம் தெரியாதுல்லா. அது போதும்."

மறுநாள் விடிந்து நான் கண் விழித்தபோது ஆணியில் சட்டை இல்லை, அவனும் இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த பையன் சொன்னான்: "குளிச்சுட்டு நேரத்தோட போயிட்டாரு. நீங்க எழும்புறதுக்குள்ள போகணும்னு சொன்னாரு."

என் இடத்தை அவன் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது எனக்கு. ஒரு நாள் உட்கார்ந்த இடம்தான். அவன் வரும்வரை காத்திராமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஒழுங்காப் போறானா?"

"போறான்."

"நீ பாத்தியா?"

"கிளாஸ்வரைக்கும் போய்ப் பாத்தேன்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நடவுக்காரர்கள் போயிருந்தார்கள், அடுத்த வயலிலும் ஆளில்லை. வரப்பில் உட்கார்ந்து, அந்த வாத்தியார் வாசித்த மாதிரியே, என் பெயரை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு எழுந்து நின்று பதில் சொன்னேன்.