பச்சை பெல்ட்டும் மஞ்சள் பெல்ட்டும்

புதுச் சீருடையின் மொடமொடப்பு, காலை வீசி உதைக்கும்போது ‘படார்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒரத்தநாட்டுப் பள்ளி மைதானத்தில் மாலைதோறும் டேக்வாண்டோ கற்ற அந்த வருடத்தை நினைத்தால் முதலில் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது, அதுவும் என் உதையில் எழுந்ததல்ல, என் தங்கை கயலுடையது. எங்கள் தெரு முழுக்க ‘கராத்தே கிளாஸ்’ என்றே சொன்ன அந்த வகுப்புக்கு எனக்குத் துணையாக அனுப்பப்பட்டவள், வந்த வேகத்தில் என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது; அதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில் மாஸ்டர் கதை சொல்வார். ஜப்பான்காரர் ஆட்சியில் ஒடுங்கிக் கிடந்த கொரியாவின் சண்டைக் கலைகள் விடுதலைக்குப் பிறகு தலையெடுத்தன என்றும், வெளியே கற்றதையும் சேர்த்துக்கொண்டு பல பயிற்சிக்கூடங்கள் ஒன்றுகூடி ஏற்ற பெயர்தான் இது என்றும் சொல்வார். “டேன்னா காலு, குவான்னா முஷ்டி, டோன்னா வழி. கையும் காலும் எல்லாருக்கும்தான் இருக்கு, வழியத்தான் கத்துக்கணும்” என்பார். நான் கற்றதெல்லாம் கயல் எப்போது வழுக்கி விழுவாள் என்று காத்திருக்கத்தான்.

அந்த வருடத் தேர்வில் அவளுக்குப் பச்சை பெல்ட் கிடைத்தது, நான் மஞ்சளிலேயே நின்றேன். அதுவரை எங்கள் பெல்ட்டைக் கவனித்திராத அப்பா, சம்பா வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “பெரியவளோடது அறுப்புக்கு வந்துடுச்சு. சின்னவளோடது இன்னும் பச்சையாத்தான் நிக்கிது. வரட்டும், என்ன அவசரம்?” என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஆயுளெல்லாம் நெல்லைப் பார்த்தவர் வேறெப்படி நினைப்பார்? இந்தக் கலையிலோ மஞ்சள் என்பது விதை வேர்பிடிக்கும் மண், பச்சை அதிலிருந்து எழுந்த பயிர். கயலுக்கு அது மனப்பாடம். இதோ சொல்லிவிடப் போகிறாள் என்று அவளையே பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமாப்பா, அக்காதான் முன்னாடி” என்றாள். விட்டுக்கொடுக்கவும் அவளுக்குத்தான் வந்தது என்பதில், அன்று சோறு இறங்காத அளவுக்கு இன்னும் பொறாமைப்பட்டேன்.

மைதானத்தில் இப்போது கடைகள் வந்துவிட்டன. கயல் கருப்பு பெல்ட்டோடு தஞ்சாவூரில் வகுப்பு நடத்துகிறாள். என் மகளே ‘சித்தி மாதிரி வரணும்’ என்கிறாள், எனக்கு இன்னமும் சுருக்கென்கிறது. அப்பா இல்லை. அவர் வாயால் கயலை முந்தி நான் வாங்கிய பாராட்டு அந்த ஒன்றுதான், அதுவும் அவள் கொடுத்தது.